பழைய எம்ஜிபிக்கு எந்தப் புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா?

கேள்வி இதுதான்: 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் "டொக்" என்கிறது. பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் லேசாக இழுத்துவிட்டுப் பிறகு நேராகிறது. சஸ்பென்ஷனில் உள்ள எல்லாப் புஷ்களையும் (மூட்டுகளில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வரும் மெத்தை வளையங்கள்) பாலியூரிதேனாக மாற்றிவிடலாமா, ரப்பரே போதுமா, வீட்டில் இருக்கும் கருவிகளை வைத்தே மாட்ட முடியுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் பாலியூரிதேன் வேண்டாம். முன் கீழ் விஷ்போனின் (சக்கரப் பகுதியைச் சட்டத்தோடு இணைக்கும் கை) உள்பக்கத்துக்கு எம்ஜிபி ஜிடி வி8 மாடலில் வந்த ஒரே துண்டு ரப்பர் புஷ், ஆன்டி-ரோல் பாருக்குப் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) பாலியூரிதேன், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்குக் (புஷ் உட்காரும் துளை) கட்டாயம் ரப்பர், பின் ஷாக்கிளில் (ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியோடு பிணைக்கும் ஆடும் இணைப்பு) இரண்டில் எது கிடைத்தாலும் சரி. தெருவில் ஓடும் எம்ஜிபிக்கு இந்தக் கலவைதான் பொருந்தும். வேலையில் முக்கால்வாசியை வீட்டிலேயே முடிக்கலாம். லீஃப் ஸ்பிரிங் கண்ணில் இறுகிப்போன புஷ்ஷைக் கழற்ற மட்டும் பிரஸ் உள்ள பட்டறை தேவைப்படலாம்.

காரணம் புரிந்தால் வேறு எந்த வண்டிக்கும் இதே முறையில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ரப்பர் புஷ்ஷும் பாலியூரிதேன் புஷ்ஷும் பார்வைக்கு ஒரே சாமான் போலத் தெரிந்தாலும் வேலை செய்யும் விதம் அடிப்படையிலேயே வேறு. ரப்பர் புஷ்ஷில் நடுவில் உள்ள ஸ்டீல் குழாயோடு ரப்பர் ஒட்டியோ இறுக்கமாகப் பிடித்தோ இருக்கும். போல்ட்டை முடுக்கியதும் அந்தக் குழாய் வண்டியின் பக்கம் அசையாமல் நின்றுவிடும். விஷ்போன் மேலும் கீழும் போகும்போது எதுவும் உராய்ந்து சுழல்வதில்லை. ரப்பர் தானே முறுக்கிக்கொண்டு, விட்டதும் திரும்பி வருகிறது. அதாவது அது ஒரு முறுக்கு ஸ்பிரிங். உயவு தேவையில்லை, சத்தம் வராது, எந்தத் திசையில் சாய்ந்தாலும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

பாலியூரிதேன் புஷ் ஒரு பேரிங். கண்ணுக்குள் அது அசையாமல் உட்கார, நடுவில் உள்ள ஸ்லீவின் மேல் வழுக்கிச் சுழல வேண்டும். ஆகவே அதற்கு கிரீஸ் வேண்டும், சரியான இடைவெளி வேண்டும். ஒரே அச்சில் சுழலும் மூட்டில் அருமையாக வேலை செய்யும். மூட்டு இரண்டு மூன்று திசைகளில் சாய வேண்டியிருந்தால் இடம் கொடுக்காது. அங்கே அந்த விசை பிராக்கெட்டுக்கும் வெல்டிங்குக்கும் கம்பிக்கும் போய்ச் சேரும்.

அதனால் கேட்லாக்கைத் திறக்கும் முன் ஒவ்வொரு மூட்டும் எப்படி அசைகிறது என்று பாருங்கள். எம்ஜிபியின் முன் கீழ் விஷ்போன் கிராஸ்மெம்பரில் (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) பொருத்திய ஒரு பிவட்டை (சுழல் அச்சு) சுற்றி மேலும் கீழும் மட்டும் போகிறது. சுத்தமான ஒற்றை அச்சு. அங்கே எதைப் போட்டாலும் இயக்கம் தடைபடாது. பின்பக்கக் கதை வேறு. வளைவில் வண்டி சாயும்போது அச்சு ஒரு பக்கம் உயர, மறுபக்கம் தாழ, லீஃப் ஸ்பிரிங் நீளவாக்கில் முறுக்கிக்கொள்கிறது. முன் கண்ணில் உள்ள ரப்பர் அந்த முறுக்கத்துக்கு இடம் விடுகிறது. அதே இடத்தில் கடினமான பாலியூரிதேனை இரண்டு முனையிலும் போட்டுவிட்டால், பின்பக்கம் கேட்காமலேயே ஒரு ஆன்டி-ரோல் பாரை மாட்டியது போல ஆகிவிடும். காய்ந்த சாலையில் "நன்றாக இறுக்கமாக இருக்கிறதே" என்று தோன்றும். ஈரச் சாலையில் வால் சீக்கிரம் விலகும்.

டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்களுக்கு இதே பாடம் கொஞ்சம் கடுமையாகவே கிடைத்திருக்கிறது. அதன் முன் கீழ்க்கையிலிருந்து பின்னோக்கி ஒரு டென்ஷன் கம்பி போய்ச் சட்டத்தின் பிராக்கெட்டில் முடிகிறது. சக்கரம் மேலே கீழே போகும்போது அந்தக் கம்பியின் முனை சாய்ந்தாக வேண்டும். பிராக்கெட்டின் இருபுறமும் பாலியூரிதேனைப் போட்டு இறுக்கினால் சாய இடமில்லை, கம்பி வளைந்து கொடுக்கிறது, நாளடைவில் மறை (திருகு வரி) தொடங்கும் இடத்தில் ஒடிகிறது. பிரேக் விசையைத் தாங்கும் முன்பக்கத்தில் மட்டும் பாலியூரிதேன், பின்பக்கத்தில் ரப்பர் என்று போட்டால் இரண்டு பலனும் கிடைக்கும். முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போல நான்கு இணைப்புக் கம்பிகளோடு பின் அச்சு தொங்கும் வண்டிகளிலும் எல்லா மூட்டையும் கடினமாக்கினால் அச்சு சாய முடியாமல் கட்டிப்போகும். மேல் கம்பிகளுக்கு ரப்பர் இருக்க வேண்டும். ஜாகுவார் இ-டைப்பில் பின் சஸ்பென்ஷன் முழுக்க ஒரு கூண்டில் இருக்கிறது. அந்தக் கூண்டை உடலோடு பிணைக்கும் வி வடிவ ரப்பர் மவுண்ட்டுகள் நான்கையும் கடினமாக்குவது டிஃபரென்ஷியல் ஊளையை நேராகக் காதுக்குக் கொண்டுவரும் வழி. அங்கே ரப்பர்தான்.

கடினத்தைப் பற்றி இரண்டு வரி. தெரு வண்டிகளின் ரப்பர் புஷ் பொதுவாக ஷோர் ஏ என்ற கடின அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) 50 முதல் 70 வரை. பாலியூரிதேன் 70 முதல் 95 வரை வரும். நிறத்தை வைத்துக் கடினத்தை முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கிறார். எண்ணைக் கேளுங்கள். தெருவுக்கு 80-ஐ ஒட்டியது போதும். 95 பந்தயத் தடத்துக்கு. அசிட்டால் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும் ரோஸ் ஜாயிண்ட்டும் (உலோகக் கோள மூட்டு) வழுவழுப்பாக அசையும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டீயரிங்குக்குச் சொல்லும். ரோஸ் ஜாயிண்ட் தூசியிலும் மழையிலும் சீக்கிரம் தேயவும் செய்யும். தினசரி ஓட்டும் பழைய காருக்கு அதைப் போடச் சொல்பவர் அந்த வண்டியை ஓட்டப் போகிறவர் அல்ல.

இனி உங்கள் வண்டிக்கு வேண்டிய சாமான் கணக்கு. முன் கீழ் விஷ்போனின் உள்கண் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. பழைய வகையில் ஒரு கண்ணுக்கு இரண்டு அரைத் துண்டு ரப்பர் என எட்டுத் துண்டு வேண்டும். வி8 வகையில் ஸ்டீல் உள்குழாயோடு ஒரே துண்டு என்பதால் நான்கு போதும். வி8 மாடல் 1973 முதல் 1976 வரைதான் வந்தது என்றாலும் புஷ் நான்கு சிலிண்டர் வண்டியின் அதே கண்ணில் உட்காரும். அரைத் துண்டு ரப்பரை விட நெடுநாள் உழைக்கும், பிரேக் அடிக்கும்போது விஷ்போன் முன்பின்னாக நகர்வதையும் நன்றாகக் கட்டுப்படுத்தும். நீங்கள் சொல்லும் "இழுத்துவிட்டு நேராகிறது" அந்த முன்பின் நகர்வாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இவற்றோடு மேல் ட்ரனியன் (சக்கரம் தாங்கும் பகுதியை மேல் கையோடு இணைக்கும் துண்டு) புஷ்கள், ஆன்டி-ரோல் பாரின் சட்டப் பக்கத்துப் புஷ் இரண்டு, பின் ஸ்பிரிங்கின் முன் கண் புஷ் பக்கத்துக்கு ஒன்று, பின் கண்ணுக்கும் ஷாக்கிளின் மேல் முனைக்கும் சேர்த்துப் பக்கத்துக்கு நான்கு அரைத் துண்டு, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே மேலும் கீழும் வரும் பட்டை ரப்பர்கள். கேஸ்டில் நட்டுகளுக்குப் (மேலே வெட்டுகள் உள்ள நட்டு) புது ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி), நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) இருக்கும் இடமெல்லாம் புது நட்டு. ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றுவது வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே தயாரிப்பு.

ஆன்டி-ரோல் பார் புஷ் வாங்கும் முன் பாரின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு தடிமன் மாறியிருக்கிறது, இடையில் யாராவது வேறு பாரை மாட்டியும் இருக்கலாம். துருப்பிடித்துப் பெயின்ட் அடித்த பாரில் புஷ் உட்காரும் இடத்தைச் சுரண்டிவிட்டு அளந்தால்தான் அளவு சரியாக வரும்.

ரப்பரைப் பொறுத்தவரை "பழைய ஒரிஜினல் ஸ்டாக்" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். நாற்பது வருடம் டப்பாவில் கிடந்த ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், விளிம்பை லேசாக வளைத்துப் பாருங்கள். நுண்வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். புதிதாகச் செய்த மலிவுப் பிரதிகளிலும் தரம் ஏறுமாறாகத்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு: சத்தம் புஷ்ஷிலிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது. எம்ஜிபியின் முன் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) நெம்புகோல் வகை, அதன் கைகளே மேல் விஷ்போன். டேம்பரின் உள் சுழல் அச்சு தேய்ந்து ஆடினால் வரும் "டொக்"கும் புஷ் தேய்ந்து வரும் "டொக்"கும் ஓட்டுநருக்கு ஒன்று போலவே கேட்கும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, காயில் ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டின் அடியில் ஜாக்கி கொடுத்து ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அழுத்தி வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் விரலை மூட்டின் மேல் வைத்துப் பாருங்கள். டேம்பர் உடலுக்கும் கைக்கும் இடையே அசைவு தெரிந்தால் டேம்பர் போய்விட்டது. ஸ்விவல் பின்னில் (கிங்பின் என்பதும் இதுதான், ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் சுழலும் செங்குத்துத் தண்டு) அசைவு என்றால் கிங்பின் வேலை. பிறகு கீழ் விஷ்போனுக்கும் கிராஸ்மெம்பருக்கும் நடுவே நெம்புகோலைக் கொடுத்து முன்பின்னாகத் தள்ளுங்கள். நல்ல ரப்பர் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்து திரும்பி வரும். போன ரப்பர் திரும்பி வராது, இரும்பு இரும்பில் தட்டும். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு மட்டும் தெரிந்தால் அது ஓசோன் செய்த வேலை, அதற்காக அவசரப்பட வேண்டாம். உள்குழாய் கண்ணின் நடுவை விட்டுக் கீழே இறங்கியிருப்பது, ரப்பர் ஓரத்தில் பிதுங்கி நிற்பது, சுற்றிலும் செம்மண் போலத் துருத்தூள் படிந்திருப்பது, எண்ணெய் பட்டு ஊறி மிருதுவாகிப் போயிருப்பது, இவையே உண்மையான அடையாளங்கள்.

கழற்றும் முன் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில், டயரில் சரியான காற்றோடு, ஒவ்வொரு சக்கர மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவையுங்கள். கடைசியில் போல்ட்டுகளை இறுக்கும்போது இந்த எண்ணின்றி வேலை நடக்காது. 1974 இறுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது எம்ஜிபியின் உயரத்தை ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் ஏற்றினார்கள். ஆகவே அடுத்தவர் வண்டியின் அளவைக் கடன் வாங்கினால் தப்பாகிவிடும்.

இந்த வேலையில் ஆளைக் காயப்படுத்தக்கூடியது முன் காயில் ஸ்பிரிங். ஒரு கணக்குப் பாருங்கள்: மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் 100 மி.மீ. அழுந்தி நின்றால் தள்ளும் விசை 6000 நியூட்டன், அதாவது 600 கிலோவுக்கு மேல். நழுவினால் தட்டும் ஸ்பிரிங்கும் பறக்கும். சட்டத்தின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகள், ஸ்பிரிங் தட்டின் அடியில் தரையில் உருளும் ஜாக்கி, ஸ்பிரிங்கின் ஊடே கோத்து கிராஸ்மெம்பரோடு கட்டிய ஒரு சங்கிலி. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஒழுங்கு இப்படி. ஆன்டி-ரோல் பார் இணைப்பைக் கழற்றுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் மேலே கட்டுங்கள், ஹோஸில் தொங்க விடக்கூடாது. டை-ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைப் பிரித்தெடுங்கள். ஜாக்கியால் தட்டைச் சற்றே தூக்கி, டேம்பர் கைகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மேல் ட்ரனியன் போல்ட்டை உருவுங்கள். பிறகு ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். ஸ்பிரிங் முழுதும் தளர்ந்த பிறகுதான் கையால் தொட வேண்டும். அதன்பின் பிவட் முனைகளில் உள்ள ஸ்பிளிட் பின், கேஸ்டில் நட்டு, வாஷர் ஆகியவற்றைக் கழற்றி, தட்டை விஷ்போன் கைகளிலிருந்து பிரித்தால் கைகள் பிவட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும்.

பழைய ரப்பர் கந்தலாகியிருந்தால் விஷ்போனும் பிவட்டும் நேரடியாக உரசியிருக்கும். பிவட்டில் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தால், அல்லது துரு குழி குழியாகத் தின்றிருந்தால், புதுப் புஷ்ஷைப் போட்டுப் பயனில்லை. பிவட்டையும் மாற்றுங்கள். விஷ்போன் கண் வட்டமாக இருக்கிறதா என்று இரண்டு குறுக்கு வாட்டத்தில் அளந்து பாருங்கள்.

கைகளைக் கழற்றியாயிற்றே என்று பலர் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவார்கள். நல்லதுதான், ஆனால் கண்ணின் உள்பரப்பை மறைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பூச்சு 60 முதல் 100 மைக்ரான் தடிமன். இரண்டு சுவரிலும் சேர்த்தால் துளை 0.2 மி.மீ. வரை குறைந்துவிடும். இறுக்கிப் பொருத்தும் புஷ்ஷுக்கு இது மிகப் பெரிய அளவு. புஷ் போகாது, அல்லது பூச்சைச் சுரண்டிக்கொண்டு போய் மூலையில் குவித்து வைக்கும். வாஷர் உட்காரும் முகத்திலும் பூச்சு கூடாது. அழுத்தத்தில் அது நசுங்கி, முடுக்கிய போல்ட் தானாகத் தளரும்.

வி8 புஷ்ஷை மாட்டப் பெரிய கருவி வேண்டாம். கண்ணின் உள்விளிம்பில் கூரான முனை இருந்தால் எமரி தாளால் மழுக்குங்கள். சோப்புத் தண்ணீரோ, காய்கறி எண்ணெய் அடிப்படையிலான சிவப்பு ரப்பர் கிரீஸோ தடவுங்கள். இஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ், பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் ரப்பரில் படக்கூடாது. இயற்கை ரப்பர் அவற்றில் ஊறி வீங்கி வலுவிழக்கும். ஒரு பக்கம் புஷ்ஷின் ரப்பரைத் தள்ளும் அளவுள்ள சாக்கெட், மறுபக்கம் அது வெளியே வர இடம்விடும் பெரிய சாக்கெட், நடுவில் வைஸ். நேராகத் தொடங்குகிறதா என்று பார்த்து ஒரே மூச்சில் அழுத்துங்கள். வெளிவந்த பின் இருபுறமும் ஒரே அளவு துருத்தி நிற்க வேண்டும். ரப்பர் சற்றுப் பின்வாங்கும் என்பதால் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிப் பிறகு திருப்பி அழுத்தினால் நடுவில் நிற்கும்.

லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண்ணில் தொந்தரவு அதிகம். புஷ்ஷின் உள்குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிப் போயிருக்கும். இரண்டு நாள் முன்பிருந்தே துரு தளர்த்தும் எண்ணெயை ஊற்றிவையுங்கள். அப்படியும் போல்ட் வரவில்லை என்றால் சுத்தியலால் அடித்து மறையை நசுக்காமல், குழாய்க்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ரம்பம் விட்டுப் போல்ட்டை அறுத்துவிடுவது நேரத்தை மிச்சமாக்கும். புது போல்ட் வாங்கும்போது மறையில்லாத தண்டுப் பகுதி பிராக்கெட்டின் இரண்டு காதையும் கடக்கிறதா என்று பாருங்கள். முழுக்க மறை வெட்டிய போல்ட்டைப் போட்டால் மறை காதின் துளையை ரம்பம் போல் அரித்துவிடும். இந்த வண்டியில் யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்) மறை. அரை அங்குல யுஎன்எஃப் அங்குலத்துக்கு 20 மறை, மெட்ரிக் எம்12-இன் பிட்ச் (மறைக்கு மறை தூரம்) 1.75 மி.மீ. "ஏறக்குறைய ஒன்றுதான்" என்று மாற்றிப் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே மறை போய்விடும்.

கண்ணில் இறுகிய பழைய புஷ்ஷை எடுக்க, ரப்பரில் வட்டமாகப் பல துளைகள் போட்டு உள்குழாயைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய வெளிக்கூட்டை ரம்ப அலகால் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து உள்நோக்கி மடக்கி எடுக்கலாம். அறுக்கும்போது கண்ணின் சுவரில் கீறல் விழக்கூடாது, ஸ்பிரிங் எஃகில் கீறல் விரிசலாக வளரும். ரப்பரைத் தீயிட்டு எரிப்பது பட்டறைகளில் நடப்பதுதான் என்றாலும், ஸ்பிரிங்கின் பதம் போகும், புகை நச்சு. வேண்டாம்.

பாலியூரிதேன் செட் வாங்குவோர் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இந்த வெளிக்கூடுதான். சில செட்டுகள் பழைய வெளிக்கூட்டை அப்படியே வைத்து அதன் உள்ளே மாட்டும்படி செய்யப்பட்டவை. சிலவற்றுக்குக் கூட்டையும் எடுத்தாக வேண்டும். புஷ்ஷின் வெளிவிட்டத்தை அளந்து கண்ணின் உள்விட்டத்தோடு ஒப்பிட்டுவிட்டு ரம்பத்தை எடுங்கள். எடுத்த கூட்டைத் திருப்பிப் போட முடியாது.

எஃகுக் கூடு உள்ள புஷ்ஷை உறையவைத்தால் சுலபமாக இறங்கும் என்பார்கள். 40 மி.மீ. விட்டமுள்ள எஃகு 20 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குப் போனால் 0.02 மி.மீ. கூடச் சுருங்காது. கையை 90 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.03 மி.மீ. சொச்சம் விரியும். இரண்டும் சேர்ந்து 0.05. உதவும், ஆனால் பிரஸ்ஸுக்கு மாற்றாகாது. அலுமினியக் கையாக இருந்தால் விரிவு இரட்டிப்பாகும், அங்கே சூடாக்குவதற்குப் பொருள் உண்டு. பிரஸ்ஸில் வைக்கும்போது தாங்கல் கண்ணின் விளிம்பிலேயே இருக்க வேண்டும். கையின் வேறு இடத்தில் தாங்கல் கொடுத்தால் கை வளையும். இரண்டு காதுகளுக்கு நடுவே புஷ் போகும் இடமானால், காதுகள் உள்ளே மடங்காமல் இருக்க அதே நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டை இடையில் நிறுத்துங்கள். ரப்பரில் சிறுநீரக வடிவ வெற்றிடம் உள்ள புஷ் என்றால் அது எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன் கையில் குறி போட்டுவிடுங்கள். வெற்றிடம் உள்ள திசையில் மென்மை, இல்லாத திசையில் விறைப்பு. தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டினால் பிரேக்கில் வண்டி அலையும்.

ஆன்டி-ரோல் பாருக்கோ வேறெங்கோ பாலியூரிதேன் போட்டால் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, ஸ்லீவ் இருந்தால் அது புஷ்ஷின் முகத்தை விட 0.1 முதல் 0.3 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். போல்ட் ஸ்லீவைத்தான் இறுக்க வேண்டும். புஷ்ஷை நசுக்கினால் அது சுழலாது. ஸ்லீவ் குட்டையாக இருந்தால் புஷ்ஷின் முகத்தைக் கண்ணாடி மேல் விரித்த எமரி தாளில் தேய்த்துக் குறைக்கலாம். இரண்டு, கிரீஸ். செட்டோடு வரும் பிசுபிசுப்பான சிலிக்கோன் கிரீஸைத் துளையின் உள்ளும் முகங்களிலும் தாராளமாகத் தடவுங்கள். கண்ணில் உட்காரும் வெளிப்பரப்பில் வேண்டியதில்லை, அங்கே அசையக்கூடாது. பாலியூரிதேன் கிறீச்சிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்: கிரீஸ் காய்ந்து ஒட்டி ஒட்டி விடுவது, அல்லது நசுக்கி வைத்திருப்பது. எந்த மூட்டு கத்துகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்து வண்டியை அமுக்கிப் பாருங்கள். எதில் தண்ணீர் பட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுவே ஆள். ஆன்டி-ரோல் பாரின் பிடியை இறுக்கிய பிறகு, இணைப்பு மாட்டாத நிலையில் பாரைக் கையால் சுழற்ற முடிய வேண்டும்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. ஒன்றே ஒன்று தவிர: ரப்பர் புஷ் உள்ள எந்தப் பிவட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கக்கூடாது. ரப்பர் முறுக்கு ஸ்பிரிங் என்றேன் அல்லவா, இறுக்கும்போது விஷ்போன் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே அதன் ஓய்வு நிலையாகிவிடும். உள்பிவட்டிலிருந்து சக்கரப் பக்க மூட்டு வரை 250 மி.மீ. நீளமுள்ள ஒரு விஷ்போன், தொங்கும் நிலையில் ஓட்ட நிலையை விட 75 மி.மீ. கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோண வித்தியாசம் பதினேழு டிகிரிக்கு மேல். தொங்கும்போதே முடுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் பதினேழு டிகிரி முறுக்கித்தான் நிற்கும். பள்ளத்தில் சக்கரம் ஏறினால் அதற்கு மேலும் முறுக்கும். சில மாதங்களில் ரப்பர் கிழிந்துவிடும், அதுவரை வண்டி முன்பக்கம் உயர்ந்தும் நிற்கும். "புது ரப்பர் ஒரு வருடம் கூட வரவில்லை" என்ற புலம்பலில் பாதிக்கு மேல் சரக்கின் குறையே அல்ல.

ஆகவே நட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, எல்லாவற்றையும் மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியை ரேம்ப்பில் ஏற்றியோ நான்கு சக்கரத்தின் அடியிலும் சம உயரக் கட்டைகள் கொடுத்தோ அதன் சொந்த எடையில் நிற்க வையுங்கள். முன்பின் ஓரிரு அடி உருட்டி, மூக்கை அமுக்கி விட்டு, எழுதிவைத்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேம்ப் இல்லையா, விஷ்போனின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து சக்கர மையம் முதல் மட்கார்டு வரை அதே அளவு வரும் வரை தூக்குங்கள். இப்போது ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) முடுக்கி, ஸ்பிளிட் பின் துளை பொருந்தவில்லை என்றால் நட்டைத் தளர்த்தாமல் முன்னோக்கித் திருப்பிப் பொருத்துங்கள். பின் ஸ்பிரிங்கின் முன் கண் போல்ட்டுக்கும் ஷாக்கிள் நட்டுகளுக்கும் இதே விதி. முழுக்கப் பாலியூரிதேன் ஸ்லீவ் உள்ள மூட்டுக்கு மட்டும் எந்த உயரத்தில் இறுக்கினாலும் ஒன்றுதான். போல்ட்டின் தண்டில் துருத்தடுப்புப் பசை பூசுங்கள். மறையில் பூசினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் இருக்கும். எல்லாம் மாட்டிய பின் சக்கரம் தரையில் படாத நிலையில் மூன்றிலும் கிரீஸ் ஏற்றுங்கள். எடை தாங்கும் போது ஏற்றினால் கிரீஸ் அழுத்தம் விழும் பக்கத்துக்குப் போகாது.

பிறகு வீல் அலைன்மென்ட். எம்ஜிபியில் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) கேஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் கிங்பின் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்றும் வசதி கிடையாது, கேஸ்டர் 7 டிகிரி, கேம்பர் ஏறத்தாழ 1 டிகிரி பாசிட்டிவ். டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் வைக்கலாம்: உள்நோக்கி 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது சுமார் 1.6 முதல் 2.4 மி.மீ. புஷ் மாற்றிய பிறகும் ஒரு பக்கக் கேம்பர் மட்டும் கணிசமாக விலகி இருந்தால், வளைந்த விஷ்போனையோ கிராஸ்மெம்பரையோ சந்தேகியுங்கள், அதை எந்தப் புஷ்ஷும் சரிசெய்யாது. புது ரப்பர் சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்காரும். அதனால் டோவை உடனே ஒருமுறை, 500 கி.மீ.க்குப் பிறகு இன்னொருமுறை பாருங்கள். பின் ஸ்பிரிங்கின் யு-போல்ட்டுகளையும் அப்போதே சோதியுங்கள், புதுப் பட்டை ரப்பர் அமுங்கியதும் அவை தளரும். மறுபடி இறுக்கும்போது ரப்பர் பிதுங்கும் அளவுக்குப் போக வேண்டாம்.